சர்க்கரை என்று எழுதுமுன் வாய் வறட்சியைக் கேளுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கும், நரம்பியல், கண், பல் மருத்துவர்களுக்கும், தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கும் வணக்கம்.

ஷோக்ரன் நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களுக்கு மருத்துவம் பார்க்கிறவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. கை கால் எரிகிறது, மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்று ஒருவர் வந்தால், குறிப்பாக 40 வயதைத் தாண்டிய பெண் வந்தால், கண்ணும் வாயும் வறள்கிறதா என்று கேளுங்கள். சீட்டில் நோயின் பெயரை எழுதுவதற்கு முன்பே கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னாலும், கீழே சொல்லப்போகும் அடையாளங்கள் இருந்தால் சோதித்துப் பாருங்கள்.

நோய் உங்களுக்குப் புதிதல்ல. உடலின் தடுப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். 1933இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண் உலர்ந்துபோன 19 பெண்களைப் பற்றித் தம் ஆய்வேட்டில் எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. கண் வழியாக அறிமுகமானதாலோ என்னவோ, சொட்டு மருந்து விட்டால் அடங்கும் தொல்லை என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. ஆனால் சுரப்பிக்குள் புகும் நிணநீரணுக்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கேயே நிற்பதில்லை. சிறுநீரகம், நுரையீரல், இரத்தக் குழாய், நரம்பு என எங்கும் போகின்றன.

நரம்புத் தொல்லை வறட்சிக்குப் பின்னால்தான் வரும் என்ற நம்பிக்கை நோயாளிகளுக்குப் பெரிய கேடு செய்கிறது. ஜப்பானின் நகோயாவிலிருந்து 2005இல் வந்த ஆய்வில், ஷோக்ரன் நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட 92 பேரில் 93 விழுக்காட்டினருக்கு நரம்பு அறிகுறிகள் தோன்றிய பிறகே நோய் இன்னதென்று தெரிந்தது. 2004இல் பிரான்சில் 82 பேரை ஆராய்ந்தவர்களும் ஐந்தில் நால்வருக்கு நரம்பே முந்திக்கொண்டதைக் கண்டார்கள். நம் பக்கத்திலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 332 ஷோக்ரன் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2015இல் வெளியிட்டது. வறட்சி என்று தாமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அதிலும் சொற்பமே. நம் பெண்கள் வாய் வறட்சியை நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. வெயில், உடம்புச் சூடு, வயசு, மாதவிடாய் நின்றது என்று தாங்களே ஒரு காரணம் வைத்திருப்பார்கள். கேட்காமல் அது வெளியே வராது.

கேட்கும் விதமும் முக்கியம். "வாய் வறட்சி இருக்கிறதா?" என்றால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். தண்ணீர் குடிக்காமல் பொரியோ முறுக்கோ விழுங்க முடிகிறதா, சாப்பிடும்போது வாய்க்கு வாய் தண்ணீர் தேவைப்படுகிறதா, இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறதா, கண்ணில் மண் விழுந்ததுபோல் மூன்று மாதத்துக்கு மேல் உறுத்துகிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, கொஞ்ச காலத்துக்குள் பல பற்கள் ஈறோரத்தில் சொத்தையாகி உடைந்தனவா, காதுக்குக் கீழே கன்னம் அவ்வப்போது வீங்கி வடிகிறதா என்று கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சர்க்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பம் குறைவு. 50 வயதுப் பெண் கால் எரிச்சல் என்று வந்து, இரத்தச் சர்க்கரையும் கொஞ்சம் கூடியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் எழுதப்படுகிறது. அது வாயை உலர்த்தும் மாத்திரை. அடுத்த முறை அவர் வாய் வறள்கிறது என்றால் மாத்திரையின் பக்கவிளைவு என்கிறோம், அல்லது சர்க்கரை கூடினால் வாய் வறளத்தானே செய்யும் என்கிறோம். இரண்டு விளக்கங்களுக்கும் அடியில் உண்மையான காரணம் புதைந்துபோகிறது. இதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

சர்க்கரை நரம்பு பாதிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு கால் விரல்களிலும் ஒன்றுபோல் தொடங்கும், ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலேறும், முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிக்கு வரும். இந்த ஒழுங்கு கலைந்திருந்தால் சர்க்கரையின் மேல் பழி போடாதீர்கள். காலுக்கு முன் கையில் தொடங்கியது, முகமோ உச்சந்தலையோ வயிற்றுத் தோலோ எரிவது, ஒரு பக்கம் அதிகமாக இருப்பது, சில வாரங்களில் பரவியது, சர்க்கரை வந்து ஓரிரு ஆண்டே ஆகியிருக்க நடை தள்ளாடுவது: இவற்றில் ஒன்று போதும், மறுபடி யோசிக்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும் சைவ உணவுக்காரருக்கும் பி12 குறைவதால் அதையும் கட்டாயம் பாருங்கள். பி12 குறைவாக இருந்தால் ஊசி போடுங்கள். ஆனால் அதோடு தேடலை முடித்துவிடாதீர்கள்.

ஷோக்ரன் நரம்பு பாதிப்பின் எல்லா வடிவங்களிலும் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது உணர்வு நரம்பணு முடிச்சுகள் அழிவதுதான். தண்டுவடத்தின் இரு பக்கமும் உள்ள இந்த முடிச்சுகளில்தான் உணர்வு நரம்பணுக்களின் உடல் இருக்கிறது. அங்குள்ள இரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் இருப்பதால், மற்ற நரம்புப் பகுதிகளைப் போல இரத்தத்திலிருந்து பாதுகாக்கும் தடுப்பு அங்கே இல்லை. நிணநீரணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் எளிதாக உள்ளே நுழைகின்றன. நரம்பின் இழை அறுந்தால் மெல்ல வளர்ந்துவிடலாம். அணுவின் உடலே செத்தால் மீண்டும் முளைக்காது. அதனால் மருத்துவம் பயன் தரும் காலம் முதல் சில மாதங்கள்தான். "ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்ற ஒரு வரி அந்தக் காலம் முழுவதையும் தின்றுவிடும்.

இந்த நோயாளிக்குக் கை கால் பலம் இருக்கும். கை கால் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. பிளவுஸ் ஊக்கு மாட்ட முடியாது, பூக்கட்ட வராது, பையில் துழாவிச் சில்லறையை அடையாளம் காண முடியாது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடும். மின்சாரம் போனால் நின்ற இடத்திலிருந்து அசையப் பயப்படுவார். செருப்பைப் பற்றிக் கேளுங்கள்: கழல்வது தெரிந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் தசையில் பலவீனம், கழன்று விழுந்ததே தெரியவில்லை என்றால் உணர்வு போயிருக்கிறது. கையை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னால் விரல்கள் தாமாகப் பாம்புபோல் நெளியும். முழங்கால், கணுக்கால் அனிச்சைகள் வராது, தசை வலிமை சரியாகவே இருக்கும்.

இங்கே தொழுநோயையும் நினைவில் வைக்கவேண்டும், நம் மண்ணில் அது இன்னும் இருக்கிறது. தொழுநோயில் நரம்பு தடித்துக் கையில் தட்டுப்படும், உணர்வற்ற தேமல் இருக்கும், மூட்டின் நிலையுணர்வும் அனிச்சைகளும் நெடுங்காலம் தப்பித்திருக்கும். முடிச்சு அழிவில் நேர்மாறு: நிலையுணர்வும் அனிச்சையும்தான் முதலில் போகும். ட்யூனிங் ஃபோர்க்கும் சுத்தியலும் இருந்தால் இந்த வேறுபாட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காணலாம்.

நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்பும்போது கால் மட்டும் போதாது. கையின் உணர்வு நரம்புகளையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். உணர்வு அலைகள் கையிலும் காலிலும் மறைந்து, இயக்க நரம்புகள் ஏறத்தாழ இயல்பாக இருந்தால் முடிச்சுகளைச் சந்தேகிக்க வேண்டும். எம்ஆர்ஐயில் தண்டுவடத்தின் பின்பகுதி வெளுத்துத் தெரியலாம். அதை பி12 குறைவு என்று அறிக்கை சொல்வதும் உண்டு. இதே தோற்றத்தைப் புற்றுநோயும் தரும், குறிப்பாக நுரையீரலில் வரும் சிற்றணுப் புற்று. ஆகவே அந்தப் புற்றோடு வரும் ஆன்டி-ஹூ எதிர்ப்பொருளுக்கான சோதனையும் மார்பு சிடியும் தேவை. எச்ஐவி சோதனையும் வேண்டும்.

இன்னொரு குற்றவாளி நம் மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. நரம்புக்குச் சத்து என்று தரப்படும் ஊசி, மாத்திரைகள் பலவற்றில் பி6 என்ற பைரிடாக்சின் 100 மில்லிகிராம் வரை இருக்கிறது. மிகுந்த அளவில் நீண்டகாலம் போனால் பைரிடாக்சினே இந்த முடிச்சுகளை அழிக்கும் நஞ்சு. ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவரும் எழுதி, மருந்துக்கடையிலும் ஒன்று வாங்கிச் சேர்த்தால் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டுவது எளிது. உணர்வு போய்த் தள்ளாடும் நோயாளியிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி பி6 அளவைக் கூட்டிப் பாருங்கள்.

முடிச்சு அழிவுக்கு அடுத்து அடிக்கடி வருவது நுண்ணிழை நரம்பு பாதிப்பு. இங்கே நரம்புக் கடத்தல் சோதனை முழுக்க இயல்பாக இருக்கும், ஏனெனில் அது தடித்த இழைகளை மட்டுமே அளக்கிறது. "ரிப்போர்ட் நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பப்படும் பெண்கள் பலரும் இந்த வகையினர். போர்வை பட்டாலே எரியும், குளிர்ந்த தரையில் நின்றால் சுடும், அனிச்சைகளோ சரியாக இருக்கும். உறுதிசெய்வது தோல் திசுச் சோதனை: வெளிக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலும், தொடையின் மேற்பகுதியிலும் 3 மில்லிமீட்டர் பஞ்ச் கொண்டு இரண்டு துண்டுகள். தையல் தேவைப்படாது. எடுத்த துண்டை வழக்கமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் இழைகள் துண்டுதுண்டாகத் தெரியும், எண்ண முடியாது. சாம்போனி கரைசல் போன்றவற்றில்தான் அனுப்பவேண்டும், நரம்பிழைகளைக் காட்டும் பிஜிபி 9.5 சாயமிட்டு எண்ணும் ஆய்வகத்திடம் முன்கூட்டியே பேசிக் கரைசலை வாங்கி வையுங்கள். கணுக்காலைவிடத் தொடையில் இழைகள் மோசமாகக் குறைந்திருந்தால் அது சர்க்கரையின் போக்கு அல்ல.

பல் மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கன்னம், உதடு, தாடை மரத்துப்போவதாகச் சொல்லி முதலில் உங்களிடம்தான் வருவார்கள். முகத்தின் உணர்வு நரம்பான ட்ரைஜெமினல் பாதிக்கப்பட்டால் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கமும் வரும். மெல்லும் தசை பலமாகவே இருக்கும். பல்லைப் பிடுங்கினால் இது தீராது. தாடை மட்டும் மரத்தால் எலும்பில் புற்று இருக்கிறதா என்று படம் எடுத்துவிட்டு, ஷோக்ரனுக்கு இரத்தம் அனுப்புங்கள். நெற்றிக் கிளையும் மரத்திருந்தால் உடனே கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டும்: உலர்ந்த கண்ணில் உணர்வும் போனால் கருவிழிப் புண் வலிக்காமலே ஆழமாகும்.

திடீரென ஒரு பாதம் தொங்கிவிட்டது, சில நாளில் மறுபக்கக் கை மணிக்கட்டும் விழுந்தது, காலில் செம்புள்ளிகள் இருக்கின்றன என்றால் அது அவசரம். நரம்புக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்கள் அழன்று அடைபடுகின்றன. இரத்தத்தில் சி4 என்ற தடுப்பாற்றல் புரதம் குறைந்திருக்கும், ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும், கிரையோகுளோபுலின் இருக்கலாம். பிந்திய சோதனைதான் பெரும்பாலும் வீணாகிறது, காரணம் சூடு குறைவது. கிரையோகுளோபுலின் குளிர்ந்தால் படியும் புரதம். சாதாரணக் குழாயில் எடுத்து ஏசி அறையில் வைத்தால் அது இரத்தக் கட்டியோடு சேர்ந்து படிந்துவிடும், பிரித்தெடுக்கும் சீரத்தில் இருக்காது. "இல்லை" என்று அறிக்கை வரும். குழாயை 37 டிகிரிக்கு முன்பே சூடாக்கி, இரத்தத்தை எடுத்து, அதே சூட்டில் வெந்நீர்க் குடுவைக்குள் கொண்டுபோய், அதே சூட்டில் உறையவிட்டுச் சீரத்தைப் பிரிக்கவேண்டும். அதன்பிறகுதான் 4 டிகிரியில் ஏழு நாள் வரை வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு தெர்மாஸ் குடுவையும் வெப்பமானியும் போதும். ஹெபடைடிஸ் சி சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். இந்தக் கூட்டம், அதாவது குறைந்த சி4, செம்புள்ளி, விடாத கன்ன வீக்கம், பின்னாளில் நிணநீர்ப் புற்று வரக்கூடியவர்களுக்கும் அடையாளம். அவர்களைத் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

அவசரப் பிரிவில் பணியாற்றுவோருக்கு நாங்கள் அழுத்திச் சொல்வது பொட்டாசியம் பற்றி. காலையில் எழ முடியவில்லை, கை கால் நான்கும் விழுந்துவிட்டன, உணர்வு சரியாக இருக்கிறது, பொட்டாசியம் 2 அல்லது அதற்கும் கீழ். இதைப் பரம்பரைப் பக்கவாதமாகவோ தைராய்டாகவோ நினைத்து, பொட்டாசியம் ஏற்றி, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சில மாதத்தில் திரும்ப வருகிறார். தமனி இரத்த வாயுச் சோதனை ஒன்று இதைப் பிரித்துக் காட்டும். பைகார்பனேட் குறைந்து, குளோரைடு கூடி, ஆனியன் இடைவெளி இயல்பாக இருந்து, இரத்தம் அமிலமாக இருந்தும் சிறுநீரின் பிஎச் 5.5க்கு மேலேயே நின்றால், சிறுநீரகக் குழலின் கடைப்பகுதி அமிலத்தை வெளியேற்றத் தவறுகிறது என்று பொருள். இந்தியாவில் வளர்ந்த பெண்ணுக்கு இது வந்தால் ஷோக்ரனைத் தேடியே ஆகவேண்டும். ஸ்கேனில் சிறுநீரகத்தில் சுண்ணாம்புப் படிவு தெரியலாம்.

மருந்தின் வரிசை மாறினால் உயிருக்கு ஆபத்து. அமிலத்தைப் பார்த்துப் பதறி முதலில் பைகார்பனேட் கொடுத்தால் இருக்கும் பொட்டாசியமும் அணுக்களுக்குள் ஓடிவிடும், மூச்சுத் தசை நிற்கும். குளுக்கோஸ் பாட்டிலில் பொட்டாசியத்தைக் கலந்தாலும் இன்சுலின் சுரந்து அதே கதைதான். நார்மல் சலைனில், கையின் இரத்தக் குழாய் (சிரை) வழி என்றால் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் அளவில், லிட்டருக்கு 40ஐத் தாண்டாமல், ஈசிஜி பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது; அதை நேராகச் செலுத்தவே கூடாது. விழுங்க முடிந்தால் வாய் வழியும் சேர்த்துக் கொடுங்கள். பொட்டாசியம் ஏறிய பிறகே காரத்தைத் தொடங்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது பொட்டாசியம் குளோரைடு மட்டும் போதாது, பொட்டாசியம் சிட்ரேட் வேண்டும்: பொட்டாசியமும் காரமும் ஒரே மருந்தில் கிடைக்கும், கல் சேர்வதும் குறையும். இதை நிறுத்தக்கூடாது என்பதை நோயாளிக்கு அவருடைய மொழியில் எழுதிக் கொடுங்கள்.

தன்னியக்க நரம்புகள் கெட்டால் எழுந்தவுடன் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும், வயிறு மந்தமாகும், வியர்வை நிற்கும். வியர்வை நின்றவர் அக்கினி நட்சத்திர நாட்களில் பகலில் வெளியே போவது ஆபத்து. ஈரத்துணியும் நிழலும் அவருக்கு மருந்து. சோதனைக்குக் கருவி வேண்டாம்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தமும் நாடியும் பாருங்கள், நிற்கவைத்து மூன்று நிமிடம் வரை பாருங்கள், தேவையானால் பத்து நிமிடம். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால், அல்லது அழுத்தம் இறங்காமல் நாடி 30 கூடி அப்படியே நின்றால், பதட்டம் என்று எழுதாதீர்கள். அழுத்தத்தைக் கூட்டும் ஃப்ளூட்ரோகார்டிசோன் தொடங்குமுன் பொட்டாசியத்தைப் பாருங்கள். மேலே சொன்ன சிறுநீரகக் கோளாறு உள்ளவரை அது ஒரே வாரத்தில் படுக்கவைத்துவிடும்.

மூளை, தண்டுவடம் பற்றிச் சுருக்கமாக. மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் தண்டுவடம் வீங்கியிருந்தால், இரு கண்ணிலும் பார்வை நரம்பு அழன்றால், விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நிற்காவிட்டால், அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளை உயிரணுவழிச் (செல் பேஸ்டு) சோதனையில் பாருங்கள். அந்த எதிர்ப்பொருள் காட்டும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா நோய் ஷோக்ரனோடு கைகோத்து வரும். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்று தவறாக எண்ணி இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நட்டாலிசுமாப் கொடுத்தால் நோய் மூர்க்கமாகும். இதற்கு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு ஒரு கிராம், ஐந்து நாள். பலம் திரும்பாவிட்டால் காத்திராமல் பிளாஸ்மா மாற்று. எதிர்ப்பொருள்களுக்கான இரத்தத்தை பிளாஸ்மா மாற்றுக்கும், ஐவிஐஜி என்ற எதிர்ப்பொருள் மருந்தை இரத்தத்தில் ஏற்றுவதற்கும் முன்பே எடுத்துவிடவேண்டும். முன்னது எதிர்ப்பொருளைக் கழுவிவிடும், பின்னது தானமளித்தவர்களின் எதிர்ப்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இனி நோயை உறுதிசெய்வது. விலை குறைந்த துப்பு கல்லீரல் சோதனை அறிக்கையிலேயே கிடக்கிறது: குளோபுலின் கூடி ஆல்புமினைத் தாண்டியிருந்தால், அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளில் இஎஸ்ஆர் எகிறி சிஆர்பி இயல்பாக இருந்தால், வெள்ளணு குறைந்திருந்தால் கவனியுங்கள். தன்னுடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ சோதனையில் இல்லை என்று வந்தால் முடித்துவிடாதீர்கள். ஷோக்ரனில் முக்கியமான ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் இருந்தும் ஏஎன்ஏ தப்பிவிடுவது உண்டு. ரோ-வைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். நரம்பு பாதித்தவர்களில் ரோ-வும் இல்லாதவர்கள் நிறைய. அவர்களுக்கு உதட்டுத் திசுச் சோதனைதான் கதி.

கீழ் உதட்டின் உட்புறம், நடுக்கோட்டை விட்டு விலகி, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கீறி, குறைந்தது நான்கு சுரப்பிகள் எடுக்கவேண்டும். ஆழமாகப் போனால் நரம்புக் கிளை அறுந்து உதடு நிரந்தரமாக மரக்கும். சுரப்பிகளைப் பார்த்தே எடுங்கள். ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுப்பது நல்லது. நோயியல் மருத்துவரிடம் ஒரு வேண்டுகோள்: "நாட்பட்ட அழற்சி" என்ற அறிக்கையால் எங்களுக்குப் பயனில்லை. 50 நிணநீரணுக்களுக்குக் குறையாத குவியல்கள் 4 சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்ற எண்தான் வேண்டும்; ஒன்று அல்லது அதற்கு மேல் என்றால் 2016ஆம் ஆண்டின் அளவுகோலில் 3 புள்ளி. ஆன்டி-ரோவுக்கும் 3. கண்ணீரை அளக்கும் ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் 5 மில்லிமீட்டரோ குறைவோ நனைந்தால் 1, தூண்டாத உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மில்லியோ குறைவோ என்றால் 1, கருவிழிச் சாயச் சோதனைக்கு 1. நான்கு தேறினால் போதும்.

உமிழ்நீர்ச் சோதனையை எந்த ஊர் மருத்துவமனையிலும் செய்யலாம். ஒன்றரை மணி நேரம் உண்ணாமல், குடிக்காமல், பல் துலக்காமல் வரச் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின், ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர்ப்பை மாத்திரை எதையும் சில நாள் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் மாத்திரையின் வறட்சியைத்தான் அளப்பீர்கள். எடை பார்த்த சிறு கிண்ணத்தில் 15 நிமிடம், மெல்லாமல், பேசாமல், வாயில் ஊறுவதைத் துப்பவேண்டும். ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொண்டால் 1.5 கிராமோ குறைவோ வந்தால் சுரப்பி தளர்ந்துவிட்டது.

மருந்தில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது: ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் எழுதி அனுப்புவது. மூட்டுக்கும் தோலுக்கும் அது உதவும், அழியும் நரம்பைக் காக்காது. முடிச்சு அழிவுக்கு ஐவிஐஜி உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், ஐந்து நாளாகப் பிரித்து; ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட், ரிட்டுக்சிமாப் என மூட்டுவாத மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கவேண்டும். இரத்தக் குழாய் அழற்சிக்கு ஸ்டீராய்டோடு சைக்ளோஃபாஸ்ஃபமைட். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலினைத் தவிர்த்து இரவில் கபபென்டின் 100 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றலாம், சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டு.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் கேட்பவை கைக்கு எட்டியவையே. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளர்கள் சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். கால் எரிகிறது என்று சொல்பவரிடம் மேலே எழுதிய வறட்சிக் கேள்விகளில் இரண்டைக் கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். மாவட்டந்தோறும் ஓர் அரசு மருத்துவமனையில் ஆன்டி-ரோ சோதனை கட்டணமின்றிக் கிடைக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் தோல் திசுவுக்கான கரைசலும் கிரையோகுளோபுலினுக்கான வெந்நீர்க் குடுவையும் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஷோக்ரன் நரம்பு பாதிப்புக்கு ஐவிஐஜியும் ரிட்டுக்சிமாபும் கிடைக்கும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவையுங்கள். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் செத்த நரம்பணு பிறகு திரும்பாது.

கடைசியாக மாற்றுத்திறனாளிச் சான்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் நிலைகளை ஒரு வகையாக ஏற்றிருக்கிறது. ஆனால் சான்று முகாமில் கையைப் பிடித்து இழுத்துப் பலம் பார்க்கிறார்கள். பலம் முழுதாக இருக்கிறது, நோயாளி வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த முகாம்களில் பணியாற்றும் மருத்துவர்களே, அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ள நிறுத்திவிட்டு. ஓர் ஊக்கைக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். அதில் காண்பதைச் சான்றிதழில் எழுதுங்கள்.